இரண்டணாவில் இருந்த வெள்ளி எங்கே போனது?

இன்னைக்கு என் மேசை மேல ஒரு பழைய பவுடர் டப்பா இருக்கு. உள்ளே பதினோரு காசுகள். எல்லாமே சின்னது. சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். மொத்தத்தையும் உள்ளங்கையில் கொட்டினால் இருபது கிராம் பக்கம்தான் வரும். இந்தப் பதினோரு காசை வைத்துக்கொண்டுதான் இன்றைய எபிசோட்.

டப்பா என் பாட்டியுடையது. தாத்தா 1930-களில் மலாயாவில் பால்மரம் வெட்டப் போய், சில வருஷம் கழித்து சிவகங்கைப் பக்கம் சொந்த ஊருக்கே திரும்பியவர். அவர் கொண்டுவந்தது ஐந்து பத்துக்காசு, மூன்று ஐந்துக்காசு. எல்லாமே 'ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்' நாணயங்கள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் எல்லாம் சேர்ந்த பிரிட்டிஷ் குடியேற்றத்துக்கு அப்போது அதுதான் பெயர். கூடவே ஒரு இலங்கைப் பத்துச் சதம். மிச்சம் இரண்டும் நம்ம ஊர் வெள்ளி இரண்டணா. ஒன்று 1892, விக்டோரியா ராணி தலை. இன்னொன்று 1917, ஐந்தாம் ஜார்ஜ் தலை. அந்த 1917 காசின் தலைமேல் ஒரு சின்னக் காது வைத்துப் பற்றவைத்திருந்தது.

'இருந்தது' என்று ஏன் சொல்கிறேன் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

2003-ல் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பாட்டி இறந்த பிறகு டப்பா என் கைக்கு வந்தது. ஒரு நாணய வியாபாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மலாயாக் காசுகளை ஒரு நிமிஷம் புரட்டிப் பார்த்துவிட்டு, 1901 போட்ட பத்துக்காசு ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார். 1919 போட்ட பத்துக்காசை என் பக்கம் தள்ளிவிட்டார். "இதுல பாதிகூட வெள்ளி கிடையாது தம்பி" என்றார்.

எனக்கு ஒண்ணும் புரியலை. ரெண்டும் ஒரே அரசாங்கம் அடித்தது. ஒரே அளவு, ஒரே எடை. ரெண்டுமே பத்துக்காசு. பதினெட்டு வருஷத்தில் பாதி வெள்ளி எங்கே போச்சு? நான் நாணயம் சேகரிக்க ஆரம்பித்தது ஆசையால் இல்லை, இந்த ஒரு கேள்வியால்தான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 1901 பத்துக்காசு 2.71 கிராம். அதில் நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி. அதாவது 2.17 கிராம் சுத்த வெள்ளி. 1909 வாக்கில் அதை அறுபது பங்காகக் குறைத்தார்கள். 1918-ல் நாற்பது பங்கு. அதே 2.71 கிராம் காசில் இப்போது 1.08 கிராம்தான் வெள்ளி. சரிபாதி போயிடுச்சு. ஐந்துக்காசின் கதை இன்னும் மோசம். 1918-ல் அதுவும் நாற்பதுக்கு இறங்கியது. 1920-ல் வெள்ளியே இல்லாமல், செம்பும் நிக்கலும் கலந்து ஒரு ஐந்துக்காசு அடித்தார்கள். 1926-ல் மறுபடி அறுபது பங்கு வெள்ளி வந்தது.

இதை மலாயாவோடு மட்டும் நிறுத்திப் பார்த்தால் காரணம் பிடிபடாது. டப்பாவில் இருக்கிற இலங்கைப் பத்துச் சதத்தை எடுங்கள். 1.17 கிராம், ஊதினால் பறந்துவிடும். நடுவில் ஒரு தாளிப்பனை மரம், அதன் இரு பக்கமும் சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பு. 1892-ல் இந்த வரிசை தொடங்கியபோது எண்பது பங்கு வெள்ளி. 1919 முதல் ஐம்பத்தைந்து பங்கு. அங்கேயும் அதே நேரத்தில் அதே சரிவு. பிரிட்டனிலேயே 1920-ல் ஒரு சட்டம் போட்டு, தலைமுறை தலைமுறையாக 92.5 பங்காக இருந்த வெள்ளியை ஐம்பதுக்கு இறக்கினார்கள். கனடாவில் அதே 1920-ல் எண்பது. மேற்கு ஆப்பிரிக்காவில் மூன்று பென்ஸ் காசில் வெள்ளியே போய், தகரம் கலந்த பித்தளை வந்தது.

ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருக்கிற இடங்கள். ஆனால் மூன்று நாலு வருஷத்துக்குள் எல்லாக் காசும் வெளுத்துப் போச்சு. அப்படியென்றால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கணும். அந்தக் காரணத்தின் நடுவில் நம்ம இரண்டணா உட்கார்ந்திருக்கு. அதைத்தான் இப்போ பார்க்கப் போறோம்.

வெள்ளிக் காசில் ரெண்டு விலை உண்டு. காசின் மேல் அச்சடித்த விலை ஒன்று. உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் விலை இன்னொன்று. முதல் விலை எப்போதும் கொஞ்சம் அதிகமா இருக்கணும். ரெண்டாவது விலை முந்திவிட்டால், காசைக் கடையில் கொடுப்பதை விட ஆசாரியிடம் கொடுப்பது லாபம். அந்த நாளில் காசு புழக்கத்திலிருந்து மறைய ஆரம்பிக்கும்.

பிரிட்டிஷ் காசுக்கு அந்த எல்லை எது? ஒரு அவுன்ஸ் வெள்ளியை 66 பென்ஸ் மதிப்புள்ள காசாக அடிப்பார்கள். ஆக, சந்தையில் அவுன்ஸ் 66 பென்ஸைத் தாண்டினால் ஆபத்து. முதல் உலகப் போருக்கு முன் விலை 25 பென்ஸ் பக்கம்தான். அதனால் அவர்களுக்கு நிறைய இடைவெளி இருந்தது.

நம்ம ரூபாய்க்கு அவ்வளவு இடைவெளி கிடையாது. ரூபாய் 11.66 கிராம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைக்கு மேல் வெள்ளி. ஒரு ரூபாய்க்குப் பதினாறு பென்ஸ் என்று மாற்று விகிதத்தைக் கட்டி வைத்திருந்தார்கள். கணக்குப் போட்டால் வெள்ளி 43 பென்ஸைத் தொட்டாலே ரூபாயை உருக்கலாம் என்று வரும். இங்கேதான் இரண்டணாவின் விசேஷம். அதன் எடை 1.46 கிராம். ரூபாயின் எடையில் சரியாக எட்டில் ஒன்று. வெள்ளியின் தரமும் அதேதான். நம்ம முன்னோர் கணக்கில் இது அரைக்கால் ரூபாய். கால், அரைக்கால், மாகாணி என்று வாய்ப்பாடு சொன்ன தலைமுறைக்கு இது வெறும் சில்லறை இல்லை. எட்டாகப் பிளந்த ரூபாயின் ஒரு துண்டு. ஏமாற்றே இல்லாத காசு.

ரூபாயாகச் சேர்க்க முடியாதவன் இரண்டணாவாகச் சேர்த்தான். எட்டு சேர்ந்தால் ஒரு ரூபாய் எடை வெள்ளி, குண்டுமணி குறையாமல். வங்கிக் கணக்கு இல்லாத வீட்டில் மண்கலயமும் முந்தானை முடிச்சும்தான் வங்கி. குழந்தை பிறந்தால் காசுக்குக் காது வைத்து அரைஞாண் கயிற்றில் கோர்த்தார்கள். அது அழகுக்கும் ஆச்சு, அவசரத்துக்கு அடகு வைக்கவும் ஆச்சு.

இனி போருக்கு வருவோம். 1914-க்குப் பிறகு பிரிட்டனுக்கு இந்தியாவிலிருந்து எல்லாமே தேவைப்பட்டது. சணல் சாக்கு, தோல், கோதுமை, அதோடு சிப்பாய்கள். வாங்கின சரக்குக்கும் சிப்பாய்ச் சம்பளத்துக்கும் இங்கே ரூபாயாகக் கொடுக்கணும். ரூபாய் அடிக்க வெள்ளி வேணும். அந்த நேரம் பார்த்து, உலகத்துக்கு வெள்ளி கொடுத்த மெக்ஸிகோவில் புரட்சி நடந்து சுரங்க உற்பத்தி விழுந்து கிடந்தது. விலை ஏறியது. 1917 ஆகஸ்டில் அந்த 43 பென்ஸ் எல்லை வந்துவிட்டது. பதினாறு பென்ஸ் மாற்று விகிதத்தைக் கைவிட்டு உயர்த்த வேண்டிய கட்டாயம். அதே வருஷம் நவம்பர் 30-ம் தேதி இந்தியாவின் முதல் ஒரு ரூபாய்க் காகித நோட்டு வந்தது. அதில் என்ன படம் தெரியுமா? ஒரு வெள்ளி ரூபாயின் படம்!

ஜனங்கள் படத்தைக் கொடுத்துவிட்டு நிஜத்தைக் கேட்டார்கள். நோட்டைக் கொண்டுவந்தால் வெள்ளி தரணும் என்பது சட்டம். 1918-ல் பம்பாயில் நோட்டைக் கொடுத்து வெள்ளி வாங்கக் கூட்டம் கூடியது. கஜானா காலியாகிற நிலை. அப்போது கைகொடுத்தது அமெரிக்கா. 1918 ஏப்ரலில் பிட்மேன் சட்டம் என்று ஒன்று போட்டு, தன் கஜானாவில் கிடந்த வெள்ளி டாலர்களை உருக்கினது. சுமார் 27 கோடி டாலர் நாணயங்கள். அதில் ஏறக்குறைய 26 கோடி டாலர்களின் வெள்ளி பிரிட்டன் வழியாக இந்தியாவுக்குத்தான் வந்தது. அமெரிக்க வெள்ளி டாலர் சேகரிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பல வருஷத்து டாலர்கள் இன்று கிடைப்பது ஏன் அரிது என்றால் பிட்மேன் என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வார்கள். அந்த டாலர்கள் இங்கே வந்து ரூபாய் ஆயின.

அதற்கப்புறமும் விலை நிற்கவில்லை. 1920 பிப்ரவரியில் அவுன்ஸ் 89½ பென்ஸ். பிரிட்டிஷ் காசின் 66 பென்ஸ் எல்லையையும் தாண்டி வெகுதூரம். லண்டனில் ஷில்லிங்கை உருக்கினாலே லாபம் என்ற நிலை. ஒவ்வொரு அரசாங்கமும் தன் காசிலிருந்து வெள்ளியை உருவ ஆரம்பித்தது இப்படித்தான். என் தாத்தாவின் 1919 பத்துக்காசு வெளிறிப்போனதுக்கும் மெக்ஸிகோ சுரங்கத்துக்கும் பம்பாய்க் கூட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இதுவரை சொன்னது விலைக் கதை. எனக்கு முக்கியமாகப் படுவது இதன் அடுத்த பகுதி. வெள்ளியை எடுக்கணும் என்று முடிவு செய்த பிறகு, யார் காசிலிருந்து முதலில் எடுத்தார்கள்?

இந்தியாவில் 1918-ல் வெள்ளி இரண்டணா நின்றது. 1917 அதன் கடைசி வருஷம். பதிலுக்கு வந்தது செம்பு-நிக்கல் கலந்த சதுரக் காசு. 25 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஆறு கிராம். பழசைவிட நாலு மடங்கு கனம், உள்ளே வெள்ளி சுத்தமா இல்லை. அதன் மேல் தெலுங்கு உட்பட நாலு எழுத்தில் மதிப்பு போட்டார்கள், தமிழ் கிடையாது. அடுத்த வருஷம் நாலணாவையும் எட்டணாவையும்கூட அதேபோல மாற்றிப் பார்த்தார்கள். எட்டணாவை ஜனங்கள் ஏற்கவில்லை. அது ரெண்டே வருஷத்தில் நின்றது. நாலணாவும் பின்னால் வெள்ளிக்குத் திரும்பியது. ரூபாய், அரை, கால் எல்லாம் 1930-களின் கடைசி வரை பழைய தரத்து வெள்ளியாகவே ஓடின. இரண்டணாவுக்கு மட்டும் வெள்ளி திரும்ப வரவே இல்லை.

கனடாவைப் பாருங்கள். அங்கே ஐந்து சென்ட் 1858 முதல் வெள்ளி. ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல். சேகரிப்பாளர்கள் அதை 'மீன் செதில்' என்றே கூப்பிடுகிறார்கள், அவ்வளவு மெலிசு. கையிலிருந்து நழுவினால் தேடி எடுப்பது கஷ்டம் என்ற புகாரும் இருந்தது. கனடாவிலேயே நிக்கல் சுரங்கம் ஏராளம். 1922-ல் பெரிய நிக்கல் காசு வந்தது. 1921-ல் ஒட்டாவாவில் அடித்து வைத்திருந்த இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளி ஐந்து சென்ட்டில் பெரும்பகுதி வெளியே போகாமலே உருக்கப்பட்டது. தப்பியவை சில நூறு மட்டும். இன்று அது கனடா நாணயங்களில் மிக அரிதானவற்றில் ஒன்று. ஆனால் அதே கனடாவில் பத்து சென்ட், இருபத்தைந்து சென்ட், ஐம்பது சென்ட் எல்லாம் 1960-களின் பிற்பகுதி வரை வெள்ளியாகவே இருந்தன. மறுபடியும் கடைசிப் படிதான் முதலில் போனது.

மேற்கு ஆப்பிரிக்காவில் படி வித்தியாசமே பார்க்கவில்லை. நைஜீரியாவிலும் கோல்ட் கோஸ்டிலும் கோகோவும் பாமாயிலும் விற்றவர்களுக்கு 1920 முதல் எல்லாமே பித்தளை. அதே வருஷம் பிரிட்டனில் இருந்தவனுக்குக் குறைந்தது பாதி வெள்ளியாவது கிடைத்தது.

உடனே 'வெள்ளைக்காரனுக்கு வெள்ளி, கறுப்பனுக்குப் பித்தளை' என்று ஒரே வரியில் முடித்துவிடத் தோணும். எனக்கும் தோணினது. ஆனால் காசுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது பாதி உண்மைதான். ஏழை டொமினியன் என்று பெயரெடுத்த நியூஃபவுண்ட்லாந்து, கனடா கைவிட்ட வெள்ளி ஐந்து சென்ட்டை 1947 வரை விடாமல் அடித்தது. அதில் 1946 போட்டது வெறும் 2,041 காசுகள். கையில் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆஸ்திரேலியா 1910-ல் தொடங்கிய மூன்று பென்ஸை 1944 வரை 92.5 பங்கு வெள்ளியாகவே வைத்திருந்தது. பிரிட்டனை விட உயர்ந்த தரம். ப்ரோக்கன் ஹில்லில் சொந்த வெள்ளிச் சுரங்கம் இருந்த நாடு அது. நியூசிலாந்து 1933-ல்தான் முதன்முதலாகச் சொந்தக் காசு அடித்தது, அதுவும் பாதி வெள்ளிதான். அதுவரை அங்கே ஓடியது பிரிட்டிஷ் காசு. நியூசிலாந்து பவுண்டின் மதிப்பைக் குறைத்ததும், ஆட்கள் வெள்ளிக் காசை மூட்டை கட்டி வெளியே கொண்டுபோய் லாபம் பார்த்தார்கள். அதைத் தடுக்கத்தான் அந்தச் சொந்தக் காசு.

ஆக, நான் கண்ட ஒழுங்கு இதுதான். தன் காசைப் பற்றித் தானே முடிவெடுக்க முடிந்த நாடு, வெள்ளியை வைப்பதா விடுவதா என்று தன் வசதிக்குத் தகுந்தபடி தீர்மானித்தது. முடிவெடுக்க முடியாத நாட்டுக்கு வேறிடத்திலிருந்து தீர்மானம் வந்தது. எங்கே ஆனாலும் சுமை முதலில் விழுந்தது பெரும்பாலும் சின்னக் காசின் மேல்தான். காரணம் ரொம்ப எளிசு. சின்னக் காசு கோடிக்கணக்கில் தேவை. அதை வைத்திருப்பவன் சட்டசபையில் கேள்வி கேட்க மாட்டான்.

தாத்தாவின் காசுக்கே திரும்ப வருகிறேன். மலாயா ரப்பர்த் தோட்டங்களில் தமிழ் ஆண்களுக்கு முக்கியமான பகுதிகளில் தினக்கூலி ஐம்பது காசு என்று நிர்ணயித்திருந்தார்கள். 1930-ல் உலக மந்தம் வந்ததும் அதை நாற்பது காசாக்கினார்கள். பெண்களுக்கு அதற்கும் குறைவு. நாற்பது காசு என்றால் இந்த டப்பாவில் இருக்கிற பத்துக்காசில் நாலு. விடியற்காலையில் போய்ப் பால் வெட்டி, அந்தி வரை வேலை பார்த்து, நாலு காசு. அந்த நாலும் 1901 காசா 1919 காசா என்பது கூலி வாங்குகிறவன் கையில் இல்லை. கடையில் ரெண்டுக்கும் ஒரே அரிசிதான். ஆனால் ஊருக்குக் கொண்டுவந்து ஆசாரி தராசில் வைத்தால் ஒன்று மற்றதில் பாதி.

ஒரு வேடிக்கை பாருங்க. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இன்றைக்கும் தமிழர்கள் டாலரையும் ரிங்கிட்டையும் 'வெள்ளி' என்றுதான் சொல்கிறார்கள். "அஞ்சு வெள்ளி கொடு" என்பார்கள். கொடுப்பது நோட்டு. காசிலிருந்து போன வெள்ளி பேச்சிலிருந்து போகவில்லை. நாம 'பணம்' என்று சொல்வதும் அப்படித்தானே? அந்தக் காலச் சென்னை மாகாணத்தில் பணம் என்பது ஒரு சின்ன வெள்ளிக் காசின் பெயர். நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். ஒரு பணத்துக்கு எண்பது காசு.

இரண்டாம் உலகப் போரில் கதை மறுபடி நடந்தது. இந்த முறை முடிவாக. இந்தியா 1940-ல் தன் வெள்ளிக் காசுகளைப் பாதி வெள்ளியாக்கியது. கடன்-குத்தகைத் திட்டத்தில் அமெரிக்காவிடம் இருபது கோடி அவுன்ஸுக்கு மேல் வெள்ளி வாங்கியது. போர் முடிந்ததும் அதை வெள்ளியாகவே திருப்பித் தரணும். 1947-ல் நிக்கல் ரூபாய் வந்தது. பழைய பாதி வெள்ளிக் காசுகளைத் திரும்ப வாங்கி, உருக்கி, வெள்ளியைப் பிரித்தெடுத்துத்தான் அந்தக் கடனை அடைத்தார்கள். பிரிட்டனுக்கும் அதே கடன். 1947-ல் பிரிட்டன், நியூசிலாந்து ரெண்டு நாட்டுக் காசிலும் வெள்ளி போச்சு. மலாயாவுக்காகக் கடைசி வெள்ளி அடித்தது 1943, 1945 தேதிகளில், பாதி வெள்ளி. அப்போது மலாயா ஜப்பான் கையில் இருந்தது. அங்கே ஓடியது வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு. போர் முடிந்த அன்று அது வெறும் காகிதம். பழைய நாற்பது பங்கு வெள்ளிக் காசை ஒளித்து வைத்திருந்தவன் கையில் அந்த நாற்பது பங்காவது மிஞ்சியது.

ஆஸ்திரேலியா மட்டும் பாதி வெள்ளி மூன்று பென்ஸை 1964 வரை கொண்டுபோனது. அங்கே ஒரு பழக்கம். கிறிஸ்துமஸ் புட்டிங்கில் வெள்ளிக் காசைப் போட்டு வேகவைப்பார்கள். யார் தட்டில் வருதோ அவருக்கு அதிர்ஷ்டம். 1966-ல் தசமக் காசு வந்தபோது பல வீடுகளில் பழைய மூன்று பென்ஸைப் புட்டிங்குக்காகவே எடுத்து வைத்தார்கள். வெள்ளியைக் கடைசிவரை கைவிடாதது சமையலறைதான். நம்ம வீட்டு அரைஞாண் மாதிரி.

சேகரிக்க நினைக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை. பெரிய வெள்ளி ரூபாய், டாலர் பக்கம் போலி அதிகம், விலையும் அதிகம். சின்னக் காசில் குறைந்த செலவில் நிறைய வரலாறு கிடைக்கும். என் முறை 'ஜோடி' சேர்ப்பது. ஒவ்வொரு ஊருக்கும் வெள்ளி குறைவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று. இலங்கை 1917-க்கு ஒன்று, 1919-க்கு ஒன்று. பிரிட்டன் 1919, 1921. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிறமே கதை சொல்லும். குறைந்த வெள்ளி தேயத் தேய மஞ்சள் அடிக்கும். அப்புறம், ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 1.46 கிராம் இருக்க வேண்டிய இரண்டணா 1.8 காட்டினால் சந்தேகப்படுங்கள். 'பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டு' என்று வரும் விளம்பரங்களை நம்பவே வேண்டாம். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியே மோசடி நடக்கிறது என்று அந்த வங்கியே எச்சரித்திருக்கிறது. இன்னொன்று, நூறு வருஷம் தாண்டிய நாணயம் 1972 சட்டப்படி தொல்பொருள். அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வெள்ளி இரண்டணா எல்லாமே இப்போது அந்தக் கணக்கில் வந்துவிட்டது.

கடைசியாக ஒன்று, இது என் தவறிலிருந்து வருவது. காசைத் தேய்க்காதீர்கள்.

ஆரம்பத்தில் அந்த 1917 இரண்டணாவைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? வியாபாரி அதைப் பார்த்துவிட்டு, "காது வச்ச காசுக்கு மதிப்பு இல்லை" என்றார். புதுசா நாணயம் பிடிக்கிறவனுக்கு அந்த வார்த்தை போதும். நேரே ஒரு ஆசாரியிடம் போய்க் காதை எடுக்கச் சொன்னேன். அவர் "எதுக்குத் தம்பி, அப்படியே இருக்கட்டுமே" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நான் கேட்கலை. வீட்டுக்கு வந்து, குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரி புளி போட்டுத் தேய்த்தேன். கறுப்பெல்லாம் போய்ப் பளபளவென்று ஆச்சு. காது இருந்த இடத்தில் மட்டும் ஒரு தழும்பு, ராஜாவின் கிரீடத்தை ஒட்டி.

அப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "இது என் இடுப்புல கிடந்த காசுடா. எனக்கு முன்னாடி உங்க பாட்டி இடுப்புல."

பாட்டி பிறந்தது 1922-ல். அப்போது கடைவீதியில் ஓடிய இரண்டணா சதுர நிக்கல். அதில் காது வைத்தால் குழந்தை இடுப்பில் கல் மாதிரி தொங்கும். அதை அடகு பிடிக்கவும் ஆள் இல்லை. அதனால்தான் கொள்ளுப்பாட்டி ஐந்து வருஷம் பழைய காசைத் தேடி எடுத்திருக்கிறார், வெள்ளியாக வந்த கடைசி வருஷத்துக் காசை. பிட்மேன் சட்டமும் 89½ பென்ஸும் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. புதுக் காசில் வெள்ளி இல்லை என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. நான் இத்தனை புத்தகம் படித்துக் கண்டுபிடித்ததை அந்தக் காது ஒரு நொடியில் சொல்லியிருக்கும். அதைத்தான் வெட்டி எடுத்துவிட்டேன்.

அறுத்த காதை ஆசாரி ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தார். அது இன்னும் டப்பாவில்தான் இருக்கு. திரும்பப் பற்றவைக்கலாமா என்று அப்பாவைக் கேட்டேன். "வேண்டாம், இன்னொரு தடவை அதைச் சுடாதே" என்றார். இப்போது தராசில் வைத்தால் காசு 1.39 கிராம் காட்டுது. தேய்ந்தது கொஞ்சம், நான் தேய்த்தது கொஞ்சம்.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருக்கலாம். அதில் இருப்பது எந்த நாட்டுக் காசு, எவ்வளவு வெள்ளி என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் கையில் கொடுத்து, இது எப்படி வந்தது, யார் போட்டிருந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி, அந்தக் காசோடு சேர்த்து வையுங்கள். நான் கேட்காமல் விட்டது அதைத்தான்.